அரை நாள் லீவு

அட்டனில் சனிக்கிழமைதோறும் நடந்த திரைப்பட வகுப்பில் நாங்கள் ஏழு பேர். ஏழு திரைக்கதையில் ஒன்றைத்தான் படமாக எடுப்பார்கள். அது என்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. சும்மா ஆசை இல்லை, வெறி! தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுகூட மனசுக்குள் ஒரு கேமரா ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் முதலில் எழுதியதை ஆசிரியர் ஐந்தே நிமிடத்தில் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாரும் அழுறாங்க தங்கச்சி. ஆனா யாருக்கும் எதுவும் வேணும்னு இல்லையே. ஒருத்திக்கு ஒண்ணு வேணும், அது லேசுல கெடைக்கக் கூடாது. அங்கதான் கதை கெளம்பும். வீட்டுக்குப் போயி சத்தமா வாசிச்சுப் பாருங்க. அடுத்த சனிக்கிழமைதான் கடைசி."

வந்ததே கோபம் எனக்கு! பதினெட்டுப் பக்கம். நானே கண்ணீர் விட்டு எழுதியது.

அன்று சாயங்காலமே வாசித்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. இங்கே தும்மினால் அங்கேயிருந்து 'நூறு வயசு' என்று குரல் வரும். நான் ஆரம்பித்ததும் பக்கத்துக் காம்பிரா சித்தி டிவி சத்தத்தைக் கூட்டினாள். நான் குரலை உயர்த்தினேன். அவள் இன்னும் கூட்டினாள். சீரியலில் மாமியார் கத்த, இங்கே என் கதாநாயகி கத்த, அடுப்பங்கரையிலிருந்து அம்மா கத்தினாள்: "ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தி வாய மூடுங்கடி!"

மூடியது நான்தான். அந்த ஆத்திரத்தில் ஒரு சபதம் எடுத்தேன். அந்த டிவியை நிறுத்த வைக்கிறேனா இல்லையா பார்!

யாருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பில் நான் ராணி வேஷம் போட்ட பள்ளிக்கூட விழா ஞாபகம் வந்தது. அம்மா அன்று வரவில்லை. வர மனசில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கதையில் அதை மாற்றினேன். இந்த அம்மாவுக்கு மகளின் நாடகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். காலைப் பெரட்டில், ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் அரை நாள் லீவு கேட்கிறாள். "கொழுந்து முத்திக்கிட்டு நிக்குது, ஒனக்கு நாடகமா?" என்கிறார் அவர். அவள் அழவில்லை. கூடையை இறக்கி வைக்கிறாள். மறுபடி மாட்டுகிறாள். மறுபடி இறக்குகிறாள். எழுதும்போதே கை பரபரத்தது. அட, இதைத்தானா அவர் சொன்னார்!

வெள்ளிக்கிழமை சீரியல் நேரம் பார்த்தே உட்கார்ந்தேன். ஒரு வரி விடாமல் வாசித்தேன். முதல் பக்கத்தில் டிவி அலறியது. இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம் இறங்கியது. கூடை இரண்டாம் தடவை கீழே வந்தபோது டிவி நின்றே போனது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் நிறுத்தினேன். சுவருக்கு மேலாகக் குரல் வந்தது.

"அக்கா, கண்டாக்கு லீவு குடுத்தாரா இல்லையா?"

அம்மாவின் சங்கதியைத்தான் நான் வாசிக்கிறேன் என்று சித்தி நினைத்துவிட்டாள். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிராமலே பதில் சொன்னாள்.

"குடுக்கல. மூணு தடவ கேட்டேன், குடுக்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கற்பனை என்று நினைத்து எழுதியது அது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"கேட்டும் கெடைக்கலன்னு சொல்றதுக்கு, வரலன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள். "படத்துலயாச்சும் குடுக்கச் சொல்லு."

"குடுத்தா கதை அங்கயே முடிஞ்சிரும்மா."

"முடிஞ்சா முடியட்டும்! அவ போயி பாக்கணும்."

"ஆமா, பாக்கணும்!" என்றாள் சித்தி அந்தப் பக்கமிருந்து. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உடனே உட்கார்ந்து கடைசிக் காட்சியை எழுதி முடித்தேன்.

சனிக்கிழமை ஆசிரியர் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். "லீவுதான் கெடைக்கலயே. அப்புறம் எப்படி முன்வரிசையில உக்காந்திருக்கா?"

"நாலாவது தடவ கேக்கல சேர். கெளம்பி வந்துட்டா."

தாள்களை மேசையில் தட்டி அடுக்கினார். "இதத்தான் எடுக்கிறோம்."

பஸ் நிலையம் வரைக்கும் ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அந்த முன்வரிசைக் காட்சியை எடுத்த நாள் காலை, பெரட்டுக்குப் போகிற நேரத்தில் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"லீவு கேட்டியாம்மா?"

"கேக்கல" என்றாள். சித்தியையும் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.