எழுபதுக்குக் கீழே

நான்காக மடித்த ஒரு வினாத்தாள். மடிப்புகளில் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு மறுநாள், வேலை விட்டு வந்த கையோடு ஒரு தாய் அதை என் மேசையில் விரித்து வைத்தார். என் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்த பிள்ளையின் அம்மா அவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வத்தேகமைக்கு மேலேயிருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு ஆசிரியையாக நான் வந்து அப்போது இரண்டாவது வருடம். இன்று ஹந்தானைப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கு அதிபராக இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடிவு வரும்போது அந்த அம்மாவின் ஞாபகம் வருகிறது. கூடவே என்மேல் எனக்கே கோபமும் வருகிறது.

எங்கள் பள்ளிகளை அளக்கக் கல்வி அலுவலகத்தில் ஒரு கோல் வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகளில் எத்தனை வீதமானோர் எழுபது புள்ளிக்கு மேல் எடுத்தார்கள் என்று பார்ப்பார்கள். தோற்றிய பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள். வராத பிள்ளை கணக்கிலேயே இல்லை. ஆகவே படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பரீட்சை நாளன்று தவறாமல் காய்ச்சல் வரும். எந்தச் சுற்றறிக்கையிலும் இந்தக் காய்ச்சலைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் அதிபர் தொடக்கம் காவலாளி வரை எல்லோருக்கும் இது தெரியும்.

அப்போது எங்களுக்கு அதிபராக இருந்தவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். முந்தின வருடம் கல்வி அலுவலகக் கூட்டத்தில் அத்தனை அதிபர்களுக்கும் முன்னால் அவரை எழுப்பி நிற்க வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை பெறுபேறு குறைந்தால் பள்ளியை மூடி நகரப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சும் அடிபட்டது. மனிதர் பயந்துவிட்டார். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு ஐந்து பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். "அம்மாமாரைப் பக்குவமா பாத்துப் பேசுங்க டீச்சர்" என்றார். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சொன்ன வேலையைச் செய்யும் நல்ல டீச்சர் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அன்று பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். ஐந்து அம்மாமாரும் அங்கேதான் கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளுக்கு மனச்சுமை வேண்டாம், பரீட்சை மண்டபத்தில் பயந்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருக்கட்டும் என்று பூசி மெழுகினேன். நான்கு பேர் தலையாட்டினார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என்னை நம்பிய தலையாட்டல் அது. ஐந்தாமவர், அந்தக் கடைசி வாங்குப் பிள்ளையின் அம்மா, சாக்கைத் தராசில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கொழுந்து கொறஞ்ச நாள்லயும் நாங்க இங்க கொண்டாந்து நிறுக்கத்தானே செய்றோம் டீச்சர். கொறஞ்சா அரைப்பேர் போட்டு பாதிச் சம்பளந்தான் தருவாங்க, ஏசுவாங்க. கொறச்சலா எடுக்குறவ மடுவத்துக்கே வராதன்னு தோட்டத்துத் தொரகூட சொன்னதில்லயே. நீங்க சொல்றீங்க."

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை குனிந்து எடையை எழுதுவதுபோல் பாவனை செய்தார். "அதில்ல அக்கா" என்று ஏதோ தொடங்கி, முடிக்கத் தெரியாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை வத்தேகமைக்குப் போகும் வேன் பள்ளி வாசலில் நின்றது. பிள்ளைகளின் சட்டையில் பரீட்சைச் சுட்டெண் எழுதிய துண்டை ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். அப்போது தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து அந்த அம்மா வருவது தெரிந்தது. ஒரு கையில் தன் மகள், பின்னால் அந்த ஐந்து பேரில் இன்னும் இரண்டு பிள்ளைகள். விடிய முன்னமே லயம் லயமாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். மற்ற இரண்டு வீட்டிலும் டீச்சர் சொல்லை மீறப் பயந்து அனுப்பவில்லை. அதிபருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏம்மா, வெளங்காம செய்றீங்களே. நாளைக்கு ஸ்கூல மூடிட்டாங்கன்னா யாரு பொறுப்பு?"

"மூடட்டும் சேர். மூடுறதுக்கு முந்தி எங்க புள்ளைங்களும் ஒருக்கா எழுதிட்டு வரட்டும்."

அந்த மூன்று பேருக்கும் நான் சுட்டெண் துண்டே எழுதி வைக்கவில்லை. கொப்பித் தாளைக் கிழித்து எழுதிக் குத்தினேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "ஊசி குத்தாமப் பாத்துக்குங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

மறுநாள்தான் அந்த வினாத்தாள் என் மேசைக்கு வந்தது. அந்த அம்மா கூடவே மகளையும் கூட்டி வந்திருந்தார். "இத வாசி" என்றார் மகளிடம். பிள்ளை முதல் வரியில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை. படம் போட்ட கேள்விகளுக்கெல்லாம் வினாத்தாளிலேயே சரியான விடையைக் குறித்திருந்தாள். எழுத்து மட்டும் இருந்த கேள்விகளில் கைவைக்கவே இல்லை. கரும்பலகையில் எழுதியதை முத்து முத்தாகக் கொப்பியில் இறக்கும் பிள்ளை அவள். அந்தக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் சரி போட்டவள் நான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

"அஞ்சு வருசமா ஒரு நாள் விடாம வந்தா டீச்சர்" என்றார் அம்மா. நான் அழுதேன். அழுது முடிந்ததும் வந்த கோபம் இன்றுவரை போகவில்லை. அவளை வீட்டில் நிறுத்தியிருந்தால் இது யாருக்குமே தெரிந்திருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் ஒரு பிள்ளையையே மறைக்கப் பார்த்தோம்.

முடிவு வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு புள்ளி. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளியும் மூடப்படவில்லை, வெறும் மிரட்டல்தான். அந்த வருடத்தின் மிச்ச நாளெல்லாம் வகுப்பு விட்ட பிறகு அவளையும் கூட வந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு 'அம்மா', 'ஆடு' என்று தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தேன். வராத இரண்டு பேரின் அம்மாமாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் பிள்ளையை அனுப்பினார். மற்றவர் அதற்குள் மகனை நாவலப்பிட்டியில் ஒரு கடையில் சேர்த்துவிட்டிருந்தார். அந்தப் பையனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

போன மாதம் கல்வி அலுவலகத்தில் கூட்டம். எங்கள் பள்ளிதான் கடைசி. பெயரைத் திரையில் போட்டு, தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பான பணிப்பாளர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். பக்கத்துக் கதிரையில் இருந்த வேறொரு பள்ளி அதிபர் அனுதாபத்தோடு என் சேலைத் தலைப்பை இழுத்து, "அடுத்த வருசம் அஞ்சாறு பேர நிப்பாட்டிருங்க மிஸ்" என்று கிசுகிசுத்தார். நல்ல மனிதர்தான். நான் நிமிர்ந்து நின்றேன்.

"எங்க பள்ளியில வராத பிள்ளை ஒண்ணுமில்ல சேர். எல்லாரும் எழுதினாங்க. அதுல எட்டுப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அது எங்க குறை, அவங்க குறையில்ல. ஆரம்பப் பிரிவுக்கு ஒரு டீச்சர் கேட்டு மூணு கடிதம் அனுப்பியிருக்கேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, சரி. உக்காருங்க."

"டீச்சர் எப்ப வருவாங்கன்னு சொல்லுங்க சேர், உக்கார்றேன்."