அவரைக் கொடிகளைப் பிடுங்கிய தை மாதம்

ஏற்காடு மலையில் மாரமங்கலம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் வேலை பார்க்கிறேன். ஆசிரியர்கள் இரண்டே பேர், நானும் தலைமையாசிரியரும். பிள்ளைகள் கையால் செய்து படிக்கட்டும் என்று போன ஆடியில் கட்டடத்துக்குப் பின்னால் அவரை விதை ஊன்ற வைத்தேன். கொடி எவ்வளவு வளர்ந்தது என்று கயிறு பிடித்து அளப்பார்கள். எங்கள் கணக்குப் பாடம் பாதி அங்கேதான் நடந்தது. மார்கழியில் கொடி முழுக்கப் பூ.

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் பள்ளியிலேயே ஒரு பொங்கல் வைப்போம். பிள்ளைகளே விறகு பொறுக்குவார்கள், அரிசி களைவார்கள். நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள், எந்த வேலைக்கும் முதலில் வந்து நிற்பாள். அவளுடைய அம்மா எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். "அரை நாள் லீவு சொல்லிட்டு வந்தர்றனுங்க டீச்சர், அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்று முந்தின நாள் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலை மூடுபனி விலகவே இல்லை. பானை சூடேறிக்கொண்டிருந்தது. பொங்கியதும் கூவுவதற்குப் பிள்ளைகள் சுற்றிலும் காத்து நின்றார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பைக்கில் வந்து இறங்கி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் புள்ளையோட அம்மாவக் காட்டெருமை முட்டிருச்சுங்க டீச்சர். செடிக்குள்ள நின்னது பனியில தெரியல. ஜீப்புல சேலத்துக்குக் கொண்டு போயிருக்காங்க."

"நினைவு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "புள்ளையக் கூட்டிட்டுச் சீக்கிரம் போங்க" என்றார்.

அந்தப் பெண் அரிசி களைந்த ஈரக் கையோடு வந்தாள். "அம்மா வந்துட்டாங்களா டீச்சர்?"

"வா கண்ணு, அம்மாவப் பாக்கப் போலாம்" என்றேன். அடுப்பைத் தலைமையாசிரியரிடம் விட்டுவிட்டு அவளைப் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன்.

பஸ்ஸில் போகும்போது அம்மாவுக்கு அடிபட்டிருக்கிறது என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். ஏற்காட்டைத் தாண்டி மலை இறங்கும்போது ரைட்டரின் போன் வந்தது. பாதி வழியிலேயே உயிர் போய்விட்டதாம். ஆஸ்பத்திரி வரைக்கும் மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அப்பாவுக்குத் தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு அவள் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

பானை பொங்கியபோது யாரும் கூவவில்லை என்று தலைமையாசிரியர் பின்னால் சொன்னார். சின்னப் பிள்ளைகள் பசியில் இருந்தார்கள், அதனால் பரிமாறிவிட்டாராம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே பெற்றோர் சிலர் வந்தார்கள். "பச்சை இருந்தா எருமை தேடி வருமுங்க. புள்ளைங்க ஓடியாடற எடம். அந்த அவரைய எடுத்துருங்க டீச்சர்" என்றார் ஒருவர். குரலில் கோபம் இல்லை, பயம்தான். நான் வகுப்பைப் பின்பக்கம் கூட்டிப் போனேன். ஊன்றிய பிள்ளைகளே பிடுங்கினார்கள். பிஞ்சு விட்டிருந்த கொடிகள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "மறுபடி எப்ப நடுவோம் டீச்சர்?" என்றான்.

"இனி நட மாட்டோம் சாமி."

அந்தப் பெண்ணை அவளுடைய அப்பா சேலத்தில் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டார். அவர் விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர், வீட்டில் அவளைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. கோடையில் அந்த அத்தைக்குப் போன் செய்தேன்.

"ஸ்கூலுக்குப் போகுதுங்க. ரோட்டுல மாடு வந்தா மட்டும் ஓடி வந்து கதவச் சாத்திக்குது. இங்கெல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குது."

அவளிடம் பேசலாமா என்று கேட்டேன்.

"பக்கத்து ஊட்டுப் புள்ளைங்களோட வெளையாடப் போயிருக்குதுங்க. கூப்புடட்டுங்களா?"

வேண்டாம், விளையாடட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.