எதிர் வீட்டுச் சக்கரம்

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் உள்ளதை எழுதுகிறேன். பூந்தமல்லியில் எங்கள் தெருவிலேயே முதலில் கார் வாங்கியது என் மகன்தான். சக்கரத்தைத் தினமும் காலையில் நான் துடைப்பேன். மறுநாளே கரித்தூள் அப்பிக்கொள்ளும். எதிர் வீட்டு மும்தாஜ் கார் சக்கரமோ, யாரும் துடைக்காமலே வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னும். எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் தெருவில் ஆளில்லை. எங்கள் சக்கரத்தைத் துடைத்த அழுக்குத் துணியைக் கொண்டுபோய் அவள் சக்கரத்தில் நன்றாகத் தேய்த்தேன். பின்னால் குரல் கேட்டது.

“அய்யோ அக்கா! எங்க வண்டியையும் நீங்களா தொடைக்கிறீங்க? இந்த வயசுல இன்னாத்துக்கு இந்த வேலை?”

மும்தாஜ்தான். “சும்மாதானே கீறேன், அதான்” என்றேன்.

என் கரிக்கைக்கு அவளே தண்ணீர் ஊற்றினாள். “அது ரோட்டு மண்ணு இல்லக்கா. பிரேக் பேடு தேஞ்சு உதிர்ற தூளு. மெக்கானிக்காண்ட செராமிக் பேடு போடச் சொல்லுங்க, அவ்ளோவா வராது. நாங்க அதான் மாத்திக்கினோம்.”

மகனிடம் சொன்னேன், மாற்றினான். எங்கள் சக்கரமும் மின்ன ஆரம்பித்தது. “எல்லாம் என் யோசனைதான்” என்று தெருப் பெண்களிடம் பீற்றிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மும்தாஜும் தலையாட்டிச் சிரித்தாள்.

சக்கரத்தின் மேல் இருந்த பொறாமை போய்விட்டது. அந்தச் சிரிப்பின் மேல் வந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.