ஓரம் இருண்ட அறுமீன் படம்

தேனி கடைத்தெருவில் போட்டோக்கார ஞானதுரைக்கு 'ஓரம் துரை' என்று ஒரு பெயர் உண்டு. அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் கோபப்பட மாட்டார். கல்யாண மேடையில் இரண்டு வீட்டாரையும் வரிசையாக நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தில் நிற்பவர்களைத்தான் பார்ப்பார். "மஞ்சச் சேலை அக்கா, இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க. மாமா, அங்கன தூணுக்குப் பின்னால நின்னா நான் எப்படிப் பிடிக்கிறது?" என்று கத்திக் கத்தி, பந்திக்குப் போகத் துடிக்கிற கூட்டத்தை வாட்டி எடுத்துவிடுவார்.

சும்மா வந்த பழக்கமில்லை அது. பிலிம் காலத்தில் கடமலைக்குண்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் ஒச்சாண்டி, ஊர் திரும்பிப் பார்க்க மேளதாளத்தோடு சீர் கொண்டு வந்தவர், குரூப் போட்டோவின் ஓரத்தில் பாதியாக விழுந்துவிட்டார். ஒரு காது, ஒரு கை, அரை மீசை. ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தார் மனிதர். "முழுச் சீர் செஞ்சவனை அரை மாமனாக்கிட்டீகளேய்யா!" என்றார். கடைத்தெருவே சிரித்தது. ஞானதுரைக்கு மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் படத்தில் ஓரத்தில் நின்ற ஒருத்தரும் வெட்டுப்பட்டதில்லை.

அவருடைய மனைவி சாராள், மேகமலை எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டரின் மகள். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டுக்குப் போனபோது, அந்திக்குப் பிறகு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று அவருக்கு அறுமீனை, அதுதான் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை, காட்டினாள். கொத்தாக, உச்சிக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை தெரியுது, எண்ணிச் சொல்லுங்க."

"ஆறு. அதான் பேர்லயே இருக்கே."

"ஏழு. நல்லாப் பாருங்க. போட்டோ பிடிக்கிற கண்ணு இம்புட்டுத்தானா?"

கழுத்து வலிக்கப் பார்த்தும் அவருக்கு ஏழாவது தெரியவில்லை. அது போதாதா? ஆயுசுக்கும் அவரைக் கிண்டல் செய்ய அவளுக்கு அது ஒன்று கிடைத்துவிட்டது. அடுப்படியில் உப்பு ஜாடியைக் காணோம் என்று அவர் தடுமாறினால், "ஏழாவது மீனே தெரியாதவகளுக்கு உப்பு ஜாடி எங்கன தெரியப் போகுது?" என்பாள். மகள் ஜெபஷீலா பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போன பிறகும் அந்தக் கிண்டல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

பிறகு அது எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் உப்பு ஜாடியைச் சாராள் தேடிக்கொண்டிருந்தாள், அது அவளுடைய வலது கைப்பக்கமே இருந்தது. கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டாள். சர்ச் வாசலில் பக்கத்தில் வந்து ஸ்தோத்திரம் சொன்னவர்களைத் தாண்டிப் போனாள், அவர்கள் மனத்தாங்கல் பட்டார்கள். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டியபோது, கண்ணில் பிரஷர் என்றார் டாக்டர். போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம், எவ்வளவு காலத்துக்கு என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சாராள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இப்பல்லாம் மீனு ஒன்னுகூடத் தெரியலைங்க."

ஞானதுரைக்கு அதற்குப் பிறகு ஒரே நினைப்புத்தான். அவள் கண்ணில் மிச்சம் இருக்கும்போதே அந்த அறுமீனை அவளுக்குக் காட்டிவிட வேண்டும். வானத்தில் தெரியாவிட்டால் என்ன, படமாகப் பிடித்து, பெரிய திரையில் பளிச்சென்று வைத்தால் தெரியுமே! இப்படித்தான் அறுபது வயதுக்கு மேல் அந்த மனிதர் டெலஸ்கோப் வாங்கினார்.

கல்யாணத்துக்கு வைத்திருந்த கேமரா நல்ல உசத்தி, உள்ளே இருக்கும் சென்சார் அந்தக் காலத்துப் பிலிம் அளவுக்குப் பெரியது. பெரிய சென்சார், பெரிய வானம், இதில் என்ன கோளாறு வரப்போகிறது என்று டெலஸ்கோப்பின் பின்பக்கக் குழாயில் மாட்டி மொட்டைமாடியில் எடுத்தார். நடுவில் வட்டமாக வானம் விழுந்தது. நான்கு மூலையும் கரிக்கட்டையாக இருந்தது. அதைச் சாராளிடம் காட்டவே அவருக்கு மனம் வரவில்லை.

"டெலஸ்கோப் அனுப்புற வெளிச்சம் ஒரு வட்டம் சார்" என்றார் ஈஸ்வரபாண்டி. சின்னமனூரில் பள்ளி ஆசிரியர், டெலஸ்கோப் பழக்கத்தால் சிநேகிதமானவர். "டார்ச் லைட்டுக்கு முன்னால ஜமுக்காளத்தை விரிச்சா நடுவுல மட்டுந்தான வெளிச்சம் விழும்? அதுலயும் நீங்க மாட்டிருக்கது ஒடுக்கமான குழாய். என்னைய மாதிரி சின்ன சென்சார் கேமரா வச்சுக்கங்க. இல்லாட்டி மூலையை வெட்டிருங்க. ஆறு மீனும் நடுவுலயே அடங்கிருச்சுல்ல, ஓரத்துல என்ன கெடக்கு?"

"அங்கனயும் நட்சத்திரம் நிக்குதுல்ல சார்" என்றார் ஞானதுரை.

ஈஸ்வரபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். யாரிடம் போய் ஓரத்தை வெட்டச் சொல்கிறோம் என்று அவருக்கு அப்புறந்தான் உறைத்திருக்கும்.

ஒடுக்கமான குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு அகலமான குழாய் வரவழைத்தார். மூலை வெளுத்தது, ஆனால் அங்கே நின்ற நட்சத்திரமெல்லாம் வால் முளைத்துக் கோணலாகிவிட்டது. அதை நேராக்க ஒரு கண்ணாடி இருக்கிறது என்றார்கள், அதுவும் வந்தது. அந்தக் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் நடுவில் உள்ள தூரம் மயிரிழை பிசகக் கூடாதாம். அதற்கென்று ஒரு வளையம். மழைக்காலம் முழுக்க மேகத்தைத் திட்டிக்கொண்டு, வளையத்தைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். இடையில் எடுத்த படங்களைச் சாராளிடம் காட்டுவார். அவள் திரைக்கு முன்னால் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பித் தேடிவிட்டு, "நல்லாருக்குங்க" என்பாள். அந்தச் சத்தில்லாத 'நல்லாருக்கு' அவருக்குப் பிடிக்கவில்லை. ஓரம் சரியில்லாததுதான் குறை என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரியில் வானம் துடைத்துவிட்டாற்போல ஆயிற்று. சாராளின் தம்பி கிறிஸ்டோபர் இன்னும் மேகமலை எஸ்டேட்டில்தான் வேலை பார்க்கிறார், அதே குவார்ட்டர்ஸ் வரிசையில் வீடு. காலையில் பெரியகுளத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டு, மத்தியானம் சாராளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஞானதுரை மலையேறினார். இருட்டுக் கட்டியதும் அறுமீன் உச்சிக்கு வந்தது. டெலஸ்கோப்பை நிறுத்தினார், கண்ணாடியை மாட்டினார், வளையத்துக்குப் பையைத் துழாவினார்.

வளையம் இல்லை. நிச்சயதார்த்தத்துக்காகக் கேமராவிலிருந்து கழற்றியவர், பெண் வீட்டு ஓரத்தில் யாரோ மறைகிறார்களே என்று பார்க்கிற பதற்றத்தில் அதைச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். அந்தச் சட்டை தேனியில் கொடியில் கிடக்கிறது.

பையின் அடியில் கிடந்தது அந்தப் பழைய ஒடுக்கமான குழாய்தான். அழுகை வந்தது அவருக்கு, உண்மையாகவே வந்தது. வேறு வழியில்லாமல் அதை மாட்டிப் படமெடுத்து, கிறிஸ்டோபர் வீட்டு டி.வி.யில் போட்டார். நடுவில் வட்டமாக அறுமீன். நீலம் பூத்து, பளிச்சென்று. சுற்றிலும் இருட்டு.

"மன்னிச்சுக்கம்மா. ஓரமெல்லாம் போச்சு" என்றார்.

 சாராளின் தலை இந்த முறை இப்படியும் அப்படியும் திரும்பவில்லை, ஒரே இடத்தில் நின்றது. எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து, பொடிப்பொடியாக இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, பெரியதை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். கடைசியாகக் கூட்டத்தின் கோடியில் இருந்த மீனுக்குப் பக்கத்தில், அதை ஒட்டினாற்போல இருந்த இன்னொன்றில் விரல் நின்றது.

"இந்தா, ஏழாவது. அன்னைக்கும் இங்கனதான் நின்னுச்சு. ஓரத்துலதான நிக்குது, ஓரம் துரைக்கு இதுகூடத் தெரியலையாக்கும்!"

எத்தனை நாள் கழித்து அந்தக் கிண்டல்! ஞானதுரை சிரிக்கப் போனார், சிரிப்பு பாதியில் நின்றது. "மத்த படத்துல ஏன்மா கண்டுபிடிக்கலை?"

"அது ரொம்பப் பெருசுங்க. தேடித் தேடிப் பார்க்கணும். இது மொத்தமும் ஒரே பார்வையில அடங்குது. எனக்கு எல்லாமே இப்ப இம்புட்டுத்தான் தெரியுது." கைகளால் வட்டம் பிடித்துக் காட்டினாள். "சுத்தி இப்படிக் கருப்பாக்கூட இருக்காது. ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும்."

இத்தனை மாதமாக அவள் கண்ணுக்காகத்தான் அலைந்தார். அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தான் எந்நேரமும் உட்காருவது அவளுடைய பக்கவாட்டில் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பாட்டில், சர்ச்சில், பஸ்ஸில், இன்று காரில். ஊரார் ஓரத்தையெல்லாம் பார்த்தவர், இத்தனை காலமும் அவளுடைய ஓரத்தில் நின்றிருக்கிறார்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கிறிஸ்டோபர் வழக்கம்போல அக்காளுக்குப் பக்கத்தில் அத்தானுக்கு நாற்காலி போட்டார். ஞானதுரை அதைத் தூக்கிக்கொண்டு போய் எதிரே போட்டார். சரியில்லை என்று கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினார், பிறகு கொஞ்சம் பின்னால்.

"என்ன செய்யிறீக, மேடையா கட்டுறீக?" என்றாள் சாராள்.

"இங்கன உக்காந்தா தெரியிறேனா?"

அவள் தலையைத் திருப்பாமல் பார்த்தாள்.

"முழுசாத் தெரியிறீக" என்றாள்.