மொண்டெல்லோ வீட்டுக்கு ஆள் விட்டவள்

இத்தாலியில், பலேர்மோவில் எங்கள் தமிழ் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது, நம்பிக்கையான இன்னொருத்தியை அந்த இடத்தில் விட்டுவிட்டுத்தான் போவோம். வீட்டுக்காரி சின்யோராவுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நல்ல பெயர். மொண்டெல்லோவில் ஒரு வீட்டை நானும் அப்படித்தான் கைமாற்றினேன். அந்தச் சின்யோரா என் கடவுச்சீட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். வெளியே போனால் கேற்றையும் பூட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அங்கே கிடையாது. இன்னோர் ஆளைத் தந்தால்தான் கடவுச்சீட்டு என்றாள். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்பிள்ளையிடம், "கொஞ்சம் கரைச்சலான மனிசி, மற்றும்படி நல்ல வீடு" என்று சொல்லி அவளை அங்கே விட்டேன். வாய் கூசவில்லை.

ஐந்து வருடம் கழித்து, இக்கால அடிமைத்தனம் பற்றி ஆவணப்படம் எடுக்கும் ஓர் இத்தாலியப் பெண் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டாள். அவ்வளவு பெரிய சொல்லுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தபடி போனேன். போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே ஓர் அறை. கமராவுக்கு முன்னால் அதே பிள்ளை இருந்தாள். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான்.

முகத்தை மறைத்துக் காட்டலாம் என்றாள் படம் எடுப்பவள்.

"வேண்டாம். தெரியட்டும்" என்றாள் அந்தப் பிள்ளை.

இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ பறிபோய்விடும் என்று பொலிஸ்காரரைக் கண்டாலே தெருவை மாற்றுகிற ஆட்கள் நாங்கள். இவளோ நேரே கமராவைப் பார்த்துக் கதைத்தாள். குரல் நடுங்கவில்லை. எங்கிருந்து வந்தது இந்தத் துணிவு என்று நான் பிரமித்துப் போனேன். கரைச்சல் என்று நான் சொல்லிச் சமாளித்ததையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அதை இத்தாலியனில் திருப்பிச் சொல்லும்போதுதான் அதன் உண்மையான பெயர் எனக்கு விளங்கியது.

அவளை அந்த வீட்டில் விட்டது யார் என்று படம் எடுப்பவள் கேட்டாள். அந்தக் கேள்வியை நானே தமிழில் கேட்கவேண்டி வந்தது.

"அதை விடுங்கோ அக்கா. நானும் ஒரு பிள்ளையை விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான். அவள் இன்னும் அங்கைதான். போன் எடுக்கிறாள் இல்லை. அவளுக்காகத்தான் இஞ்சை வந்தனான்."

மொழிபெயர்த்தேன். பிறகு யாரும் கேட்காமலே, இவளை விட்டது நான் என்றும் சொன்னேன். இத்தாலியனில் அது ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அவள் தன் கதிரையைச் சற்றுத் தள்ளி எனக்கு இடம் விட்டாள்.

"இப்ப தமிழிலை சொல்லுங்கோ அக்கா. அந்த வீட்டுக்கு ஆள் விடுறது எங்கடை ஆக்கள்தானே. அவையள் கேக்கோணும்."

கமராவைப் பார்த்தேன். முதல் சொல்லை இத்தாலியனிலேயே தொடங்கி நிறுத்தினேன். அவள் தண்ணீரை என் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தாள்.

"அது நல்ல வீடெண்டு பொய் சொன்னது நான்தான்" என்று தொடங்கினேன்.