காற்றாலைச் சத்தமும் என் கணவரின் காதும்

போன ஆடி மாதம் உடுமலைப் பக்கம் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னாலேயே காற்றாலை. அது விடாமல் ‘உஷ், உஷ்’ என்று சுற்றியதில் இரண்டே நாளில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

“என்னாங்க, இந்தச் சத்தத்துல எப்புடி இருக்கிறது? நம்ம வூட்டுக்கே போயிடலாங்க” என்றேன் கணவரிடம்.

அவர் என் முகத்தையே பார்த்து, “என்னா சத்தம்? அது பாட்டுக்கு சும்மாதான சுத்துது” என்றார்.

கேலி செய்கிறார் என்று கோபித்துக்கொண்டேன். மகளுக்குச் சந்தேகம் வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக “அப்பா” என்று மூன்று முறை கூப்பிட்டாள். அவர் திரும்பவே இல்லை.

மறுநாளே காது டாக்டரிடம் போனோம். விருத்தாசலத்தில் பீங்கானுக்கு மண் அரைக்கும் மெஷின் பக்கத்திலேயே இருபது வருஷமாக வேலை பார்த்து வருவதில் அவர் காது மந்தமாகிவிட்டதாம். இனியாவது கவனமாக இருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை என்று நான் போட்ட சண்டைகளை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன்.

“வுடு, நீ திட்டுனது பாதி எனக்குக் கேக்கவே இல்ல” என்றார் அவர்.

இப்போது சாப்பாட்டு டப்பாவோடு காதடைப்பானையும் நானே எடுத்துக் கொடுத்து அனுப்புகிறேன். அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதில்லை. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, அவர் முகம் பார்த்துத்தான் பேசுகிறேன்.