பச்சை ஒட்டிய பெட்டி

பயிற்சி வகுப்பு முடிந்தபோது அஜோவா சுமினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியின் ரத்த அறையை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொள்பவள், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று என்னவென்று கேட்பாள்?

வகுப்பெடுத்த லாம்ப்டே தலைநகர் அக்ராவிலிருந்து வந்தவர். தும்சோர் என்று ஊரே சபிக்கும் மின்வெட்டு வந்தால், ஜெனரேட்டர் கரண்டை எந்தச் சாமானுக்கு முதலில் கொடுப்பது என்று சொல்லித்தர வந்திருந்தார். எது இல்லாவிட்டால் உயிர் போகுமோ அதற்குச் சிவப்புத் தாள், கொஞ்சம் பொறுக்கக்கூடியதற்கு மஞ்சள், இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை என்பதற்குப் பச்சை. அவரவர் அறைச் சாமான் அவரவருக்குத்தான் தெரியும், நீங்களே ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். சிவப்புக்கு மட்டும்தான் இனி ஜெனரேட்டர் இணைப்பு என்று அவர் சொன்ன நேரத்தில், கறி பப்ஸும் மால்ட் பானமும் வந்துவிட்டன. பிறகு யார் கேட்டார்கள்?

ஆளாளுக்கு ஒட்டினார்கள். நிர்வாகியின் நாற்காலிக்குப் பச்சை ஒட்டினால் மரியாதையாக இருக்காது என்று அதற்கும் யாரோ சிவப்பு ஒட்டியிருந்தார்கள். நாற்காலிக்கு எதற்குக் கரண்ட் என்று லாம்ப்டே தலையில் கைவைத்தார்.

சுமினா தன் அறையில் தாள்களை வைத்துக்கொண்டு நின்றாள். எதிரே ரத்தப் பெட்டி. துருப்பிடித்த பழைய குளிர்பெட்டிதான். ஆனால் அதற்குள் நான்கு பை ரத்தம் இருந்தது. பிரசவ வார்டில் படுத்திருக்கும் செர்வாவுக்குத் திங்கட்கிழமை வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்கிறார்கள், அவளுடைய ரத்த வகை லேசில் கிடைக்காது. அந்தப் பைகள் அவளுக்காக வைத்தவை. இது இல்லாவிட்டால் உயிர் போகும். அது சுமினாவுக்குத் தெரியாதா?

தெரிந்ததால்தான் சிவப்பை ஒட்டத் தயங்கினாள். சுமினாவுக்கு முன் பிறந்த பிள்ளைகளையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள் அம்மா. இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, சுமினா, அதாவது குப்பைமேடு, என்றே பெயரும் வைத்தாள். நம் பக்கத்தில் குப்பு, பிச்சை என்று வைப்பதைப் போலத்தான். ஒன்றுக்கும் உதவாத பண்டம் என்று எமன் தாண்டிப் போய்விடுவானாம். போனான். எமன் போகட்டும், போன வருஷம் இந்த அறைக்கு வந்த புத்தம்புதுப் பெட்டியை நிர்வாகி பார்த்து, அருமை அருமை என்று தட்டிக்கொடுத்தார். அடுத்த மாதம் அது விருந்தினர் விடுதியில் பீர் குளிரவைத்துக்கொண்டிருந்தது. அருமையானதை ஊரறியக் காட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இதில் போய் 'உயிர்' என்று சிவப்பாக எழுதி ஒட்டச் சொல்கிறார்களே? ஒட்டினாள், கிழித்தாள். மஞ்சளை எடுத்தாள், வைத்தாள். கடைசியில் பெட்டிக்குப் பச்சை, கழுத்தொடிந்த மேசை விசிறிக்குச் சிவப்பு. என்ன இருந்தாலும் தாள்தானே, அக்ராவுக்குப் போகும் அறிக்கைக்குத்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர் இருண்டது. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரின் சத்தம் வீடுவரை கேட்டது. அதைக் கேட்டபடியே நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

ஞாயிறு காலை, கோயிலுக்கு உடுத்திய வெள்ளை உடையோடு அறையை எட்டிப் பார்த்தாள். விசிறி சுற்ற முடியாமல் கரண்டை வாங்கி முனகிக்கொண்டிருந்தது. பெட்டி வாயடைத்து நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பு. எலக்ட்ரீஷியன் அசாமோவா, லாம்ப்டே சொன்னபடி, சிவப்பு ஒட்டியவற்றுக்கு மட்டும் ஜெனரேட்டர் இணைப்பைக் கொடுத்துவிட்டிருந்தான். நான்கு பையும் வீண்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். காப்பாற்றத்தானே மறைத்தேன், மறைத்ததே கொன்றுவிட்டதா, அப்படியானால் அம்மா செய்தது என்ன என்று ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டது. பிறகு எழுந்து, பெட்டியின் பிளக்கை விசிறியின் இடத்தில் செருகிவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். பாட்டு நடுவில் பாதிரியாரை நிறுத்தச் சொல்லி முன்னால் போய் நின்றாள். எதையும் பெரிதென்று வாயால் சொல்லியறியாதவள்.

"என் ரூம்ல ஒரு ஓட்டப் பெட்டி இருக்கு. அதுதான் இந்த ஊரோட உசுரு. இப்ப அது காலி. நான்தான் கெடுத்தேன். செர்வாவுக்கு நாளைக்கு ரத்தம் வேணும், கையை நீட்டுறவங்க என்கூட வாங்க."

கோயில் பாதி காலியானது. பொருந்திய ரத்தம் சாயங்காலத்துக்குள் சேர்ந்தது, பரிசோதனையும் ஆனது. திங்கட்கிழமை செர்வாவுக்கு அதில் பாதி ஏறிற்று. தாயும் மகனும் பிழைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை லாம்ப்டே திரும்பி வந்தார். கோபத்தைவிட அவருக்குக் குழப்பம்தான் அதிகம்.

"ஆன்ட்டி, எல்லாம் தெரிஞ்ச நீங்க ஏன் பச்சை ஒட்டுனீங்க?"

"எங்கம்மா எனக்குப் பச்சைதான் சார் ஒட்டுனா. அதனாலதான் உங்க முன்னாடி நிக்கிறேன்."

அவர் ஒரு சிவப்புத் தாளை நீட்டினார். சுமினா வாங்கிப் பெட்டியின் நெற்றியில் ஒட்டி, நான்கு மூலையும் விரலால் தேய்த்தாள். வெளியே நிர்வாகியின் செருப்புச் சத்தம் கேட்டது. தரை துடைக்கும் கிழிந்த துணியை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டாள்.